பரணில் ஒரு சரவெடி

காலை எட்டு மணி ஒரு நிமிஷத்துக்கு முதல் மின்னஞ்சல் வந்தது. ஒன்பதரைக்குள் மொத்தம் 97. கம்பெனியில் ஒருத்தரும் கண்டுகொள்ளவில்லை. ஒன்பதரை மணிக்குப் பங்குச் சந்தை திறந்தது. பத்தேகாலுக்குள் 46 கோடி டாலர் போயே போய்விட்டது. அன்றைய விலைக்கு நம் ரூபாயில் சுமார் 2,500 கோடி.

கொள்ளைக்காரன் கிடையாது. ஹேக்கர் கிடையாது. துப்பாக்கி, முகமூடி எதுவும் கிடையாது. ஒன்பது வருஷமாகப் பரணில் கிடந்த பழைய சரவெடி ஒன்றில் தெரியாத்தனமாக நெருப்புப் பட்டது. அவ்வளவுதான்.

கம்பெனியின் பெயர் நைட் கேபிடல். ஊர், அமெரிக்காவின் ஜெர்சி சிட்டி. தேதி, 2012 ஆகஸ்ட் 1. சாதாரணக் கம்பெனி இல்லை. அந்நாட்டுப் பங்கு வர்த்தகத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு இவர்கள் கை வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்பேர்ப்பட்ட இடத்தை முக்கால் மணி நேரத்தில் படுக்க வைத்தது எது என்று அமெரிக்காவின் செபி, அதாவது எஸ்.இ.சி., விசாரித்து 2013 அக்டோபரில் ஓர் உத்தரவு போட்டது. நான் பி.காம். படித்தவன். கம்ப்யூட்டருக்கு ஒரு வரி புரொகிராம் எழுதத் தெரியாது. ஆனாலும் அந்த உத்தரவு எனக்கு நன்றாகவே புரிந்தது. உங்களுக்கும் புரியும். ஏனென்றால் அதில் கம்ப்யூட்டர் விஷயம் கொஞ்சம்தான். மீதியெல்லாம் மனுஷ சோம்பேறித்தனம்.

நைட் கம்பெனியில் ஸ்மார்ஸ் என்றொரு சாஃப்ட்வேர். பெரிய ஆர்டரை வாங்கி, சின்னச் சின்னதாக உடைத்துச் சந்தைக்கு அனுப்புவது அதன் வேலை. ஒருத்தருக்குப் பத்தாயிரம் பங்கு வேண்டுமென்றால் நூறு நூறாக வாங்கும். வாங்க வாங்க எண்ணிக்கொண்டே வரும். பத்தாயிரம் ஆனதும் நிறுத்திக்கொள்ளும். இந்தக் காரியத்துக்காக முன்னொரு காலத்தில் பவர் பெக் என்று ஒரு பகுதியை எழுதி வைத்திருந்தார்கள். 2003-ல் அதைப் பயன்படுத்துவதை நிறுத்தினார்கள். நிறுத்தினார்களே தவிர, அழிக்கவில்லை. உள்ளேயே இருந்தது.

2005-ல் அந்த எண்ணிக்கை பார்க்கும் பகுதியை மட்டும் கழற்றி வேறு இடத்தில் பொருத்தினார்கள். ஆக, பவர் பெக்குக்கு இனி எண்ணத் தெரியாது. பத்தாயிரம் ஆனாலும் தெரியாது, பத்துக் கோடி ஆனாலும் தெரியாது. இதை யாராவது சோதித்துப் பார்த்தார்களா? இல்லை. உபயோகத்தில் இல்லாததை எதற்குச் சோதிக்க வேண்டும்?

ஆச்சா? இப்போது 2012. நியூயார்க் பங்குச் சந்தை ஆகஸ்ட் 1 முதல் சில்லறை முதலீட்டாளர்களுக்காக ஒரு புதுத் திட்டம் கொண்டுவருகிறது. அதற்காக ஸ்மார்ஸில் புதிய பகுதி எழுதுகிறார்கள். அதை இயக்க ஒரு சுவிட்ச் வேண்டுமே? புதிதாக ஒன்று செய்யாமல், முன்பு பவர் பெக்கை எழுப்பிக்கொண்டிருந்த அதே பழைய சுவிட்சை எடுத்துப் புதியதற்கு மாட்டிவிட்டார்கள். செத்துப்போன வாடிக்கையாளரின் கணக்கை மூடாமல், அதே எண்ணைப் புது ஆளுக்குக் கொடுத்த மாதிரி. எந்தக் கணக்குப்பிள்ளையும் செய்யத் துணியாத காரியம்.

மொத்தம் எட்டு சர்வர்கள். ஜூலை 27 தொடங்கி ஒவ்வொன்றாகப் புதிய சாஃப்ட்வேரை ஏற்றினார்கள். ஏழில் ஏறிவிட்டது. எட்டாவதை மறந்துவிட்டார்கள். இன்னொருவர் சரிபார்க்க வேண்டும் என்று எழுதி வைத்த விதி எதுவும் அங்கே இல்லை.

ஆகஸ்ட் 1 காலை சுவிட்சைப் போட்டார்கள். ஏழு சர்வர்களில் புதியது ஓடியது. எட்டாவதில் பவர் பெக் கண் விழித்தது. வாடிக்கையாளர்கள் கொடுத்தது வெறும் 212 ஆர்டர்கள். அதற்கு அந்தச் சனியன் செய்த வர்த்தகங்கள் 40 லட்சத்துக்கும் மேல். 154 கம்பெனிகளின் பங்குகள். எண்ணிக்கையில் 39 கோடியே 70 லட்சத்துக்கும் அதிகம். எல்லாம் முக்கால் மணி நேரத்தில்.

இன்னும் கொடுமை பாக்கி இருக்கிறது. என்ன நடக்கிறது என்று புரியாமல் தவித்தவர்கள், புதிய சாஃப்ட்வேரில்தான் கோளாறு என்று நினைத்து, ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த ஏழு சர்வர்களிலிருந்தும் அதை எடுத்துவிட்டார்கள். இப்போது அந்த ஏழிலும் பவர் பெக் விழித்துக்கொண்டது.

அந்த 97 மின்னஞ்சல்களில் என்ன இருந்தது தெரியுமா? ஸ்மார்ஸ் என்ற பெயரும், பவர் பெக் முடக்கப்பட்டிருக்கிறது என்ற பிழைச் செய்தியும். யோசித்துப் பாருங்கள். கொலை நடப்பதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே கொலைகாரனின் பெயரை எழுதி 97 கடிதம் போட்டிருக்கிறது அந்த மெஷின். ஆனால் அவை எச்சரிக்கை மணியாக வடிவமைக்கப்படவில்லை. வழக்கமாக அவற்றை யாரும் படிப்பதும் இல்லை. சில நாட்களில் வெளி முதலீட்டாளர்கள் 40 கோடி டாலர் போட்டுக் கம்பெனியைத் தூக்கி நிறுத்தினார்கள். அடுத்த வருஷமே அது கெட்கோ என்ற இன்னொரு கம்பெனியோடு இணைந்து தனி அடையாளம் இழந்தது. எஸ்.இ.சி. விதித்த அபராதம் 1 கோடியே 20 லட்சம் டாலர் தனி.

கதையைக் கேட்கிறவர்கள் உடனே எட்டாவது சர்வரை மறந்த ஆளைத் திட்டுவார்கள். நான் திட்டமாட்டேன். மனுஷன் என்றால் மறப்பான். கேஸை அணைத்தோமா என்று பாதி வழியில் திரும்பி வருகிறவர்கள்தானே நாம்? என் கோபமெல்லாம் இரண்டு பேர் மேல். 2003-ல் பவர் பெக்கை நிறுத்திவிட்டு, அதைத் தூக்கிப் போடாமல் வீட்டுக்குப் போனவர்கள். செய்தி அனுப்பும் ஏற்பாட்டைச் செய்துவிட்டு, அதைப் படிக்க ஓர் ஆளை வைக்காதவர்கள். இந்த இரண்டு குற்றமும் வேறு வேறு மாதிரித் தெரியும். இரண்டும் ஒன்றுதான்.

கொஞ்சம் என் பாடத்துக்கு வருகிறேன். காமர்ஸ் படித்தவர்களுக்குத் தெரியும். குறிப்பேட்டில் பற்று எழுதி, வரவு எழுதி, தொகை போட்ட பிறகு கீழே சின்னதாக ஒரு வரி எழுதவேண்டும். இங்கிலீஷில் 'பீயிங்' என்று ஆரம்பிக்கும். இன்னாரிடமிருந்து இன்ன சரக்கு கடனுக்கு வாங்கியது பொருட்டு, என்று. நரேஷன் என்பார்கள். பற்றும் வரவும் சரியாக இருந்து அந்த வரி இல்லாவிட்டால் எங்கள் புரொஃபசர் அரை மார்க் வெட்டிவிடுவார். கெஞ்சினால் அவர் சொல்கிற பதில்: "நீ செத்துப்போனாலும் கணக்குப் புரியணும்டா."

சாஃப்ட்வேர்க்காரர்கள் லாக் மெசேஜ் என்று சொல்வது இந்த நரேஷனைத்தான். சாஃப்ட்வேர் ஓடும்போது உள்ளே என்ன நடந்தது என்று அதுவே ஒரு குறிப்பேட்டில் வரி வரியாக எழுதிக்கொண்டு போகும். எல்லாம் சுகமாக ஓடும்வரை அதை யாரும் பிரிக்கமாட்டார்கள். நடுராத்திரி இரண்டு மணிக்கு எல்லாம் கவிழ்ந்து கிடக்கும்போது, எழுதியவர் அல்லாத யாரோ ஒரு பாவப்பட்ட ஜீவன் தூக்கக் கலக்கத்தில் அதைத்தான் திறந்து பார்ப்பான். அவனுக்காக எழுதுவது. ஆனால் எழுதுகிறவர்கள் தங்களுக்கு மட்டும் எழுதிக்கொள்கிறார்கள்.

பத்திரிகைக்கு வருவதற்கு முன் ஒரு மொத்த வியாபாரக் கடையில் இரண்டு வருஷம் கணக்கு பார்த்தேன். ஒரு மார்ச் 31 ராத்திரி. வருஷக் கணக்கை முடிக்கிற பொத்தானை அமுக்கினேன். சாஃப்ட்வேர் நின்றுவிட்டது. திரையில் இங்கிலீஷ் எழுத்தில், சுத்தமான தமிழில், ஒரு செய்தி: 'வந்துட்டேன் 3'.

யார் வந்தது? எங்கே வந்தது? 1-ம் 2-ம் எங்கே? முதலாளி என் பின்னால் நின்று படித்துவிட்டு, "யாருய்யா வந்திருக்கா?" என்று வாசலைப் பார்த்தார். எழுதிக் கொடுத்த பையன் வேறு வேலை கிடைத்து வெளிநாடு போயாச்சு. அவனிடத்துக்கு வந்தவன் மறுநாள் சாவகாசமாகச் சொன்னான்: "அது அவர் டெஸ்ட் பண்றதுக்காகப் போட்டது சார். எடுக்க மறந்துட்டார்." விடிய விடிய நான் கையால் கூட்டிக்கொண்டிருந்தது யாருக்கும் கணக்கில்லை.

சிரிப்பாக இருக்கிறதல்லவா? 1986 மார்ச்சில், டெக்ஸாஸ் மாநிலத்தின் டைலர் நகரில் யாரும் சிரிக்கவில்லை.

அங்கே ஒரு புற்றுநோய் மருத்துவமனை. தெராக்-25 என்ற கதிர்வீச்சு மெஷின். கனடா தயாரிப்பு. நோயாளி உள்ளே படுத்திருக்கிறார். வெளியே இருக்கிற ஆபரேட்டர் சிகிச்சையைத் தொடங்குகிறார். மெஷின் நின்றுவிடுகிறது. திரையில் 'மால்ஃபங்ஷன் 54'. அவ்வளவுதான் செய்தி. கையேட்டைப் புரட்டினால் 54-க்கு விளக்கமே கிடையாது. சுத்தமாகப் பூட்டிக்கொண்டிருந்தால் அவர் ஜாக்கிரதையாகி இருப்பார். மெஷினோ ஒரே ஒரு எழுத்தைத் தட்டினால் தொடரலாம் என்கிற நிலையில் நின்றது. அந்த மெஷின் இப்படி அடிக்கடி நிற்கும். வேறொரு இடத்தில் சில நாட்கள் 40 தடவை நின்றதாகப் பதிவு இருக்கிறது. தினமும் குரைக்கிற நாய்க்கு யார் எழுந்து வருவார்கள்? தட்டினார். இரண்டாவது முறையும் பாய்ந்தது. உள்ளே இருந்தவர் மின்சாரம் தாக்கியது போலத் துடித்து எழுந்திருக்கப் பார்த்தார். அன்று பார்த்து உள்ளே பேசுகிற இன்டர்காமும் வேலை செய்யவில்லை. ஐந்து மாதத்தில் அவர் இறந்துபோனார். கொடுக்க வேண்டிய அளவைப்போல் எத்தனையோ மடங்கு கதிர்வீச்சு அவர் உடம்பில் பாய்ந்திருந்தது.

பிற்பாடு கம்பெனியின் டெக்னீஷியன் ஒருவர் 54-க்கு அர்த்தம் சொன்னார். கொடுக்கப்பட்ட அளவு ஒன்று மிக அதிகம், அல்லது மிகக் குறைவு. எப்படி இருக்கிறது? சாம்பாரில் உப்பு ஒன்று ஜாஸ்தி, அல்லது கம்மி. சாப்பிட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

1985-க்கும் 1987-க்கும் நடுவே அந்த மெஷின்களால் ஆறு விபத்துகள். குறைந்தது மூன்று பேர் இறந்தார்கள். மூலக் கோளாறு வேறு இடத்தில் இருந்தது, உண்மை. பழைய மாடலில் இருந்த பாதுகாப்புப் பூட்டுகளை எடுத்துவிட்டு சாஃப்ட்வேரை மட்டும் நம்பியதும் ஒரு காரணம். ஆனால் அந்தச் செய்தி மட்டும் மனுஷ பாஷையில் இருந்திருந்தால், அந்த விரல் அந்த எழுத்தின்மேல் போயிருக்குமா?

'இதெல்லாம் பெரிய ரகசியமா சார், எங்களுக்குத் தெரியாதா?' என்று சாஃப்ட்வேர் நண்பர்கள் கேட்பார்கள். தெரியும். அதுதான் எனக்கு எரிச்சல். எழுதியே வைத்திருக்கிறார்கள். போஸ்ட்கிரஸ் என்று இலவசமாகக் கிடைக்கிற ஒரு டேட்டாபேஸ். அதன் ஆட்கள் பிழைச் செய்தி எழுதுவதற்கென்றே தனி விதிகள் வகுத்திருக்கிறார்கள். நன்னூல் தோற்றது. முதல் வரியில் என்ன நடந்தது என்று சுருக்கமாகச் சொல். விவரத்தைத் தனியே கொடு. என்ன செய்யலாம் என்ற யோசனையை அதற்கும் தனியே கொடு. 'முடியவில்லை' வேறு, 'முடியாது' வேறு, குழப்பாதே. ஒரு ஃபைலைத் திறக்க முடியவில்லை என்றால் இந்தத் தடவை நடக்கவில்லை, இன்னொரு தடவை நடக்கலாம். முடியாது என்றால் அந்த வேலை இந்த சாஃப்ட்வேருக்கே தெரியாது. அப்புறம், தப்பான தேதியைப் போட்டவனைப் பார்த்து 'சட்ட விரோதம்' என்று அலறாதே. சட்டத்தை மீறினால்தான் சட்ட விரோதம். இவன் போட்டது செல்லாது, அவ்வளவுதான். ஏன் செல்லாது என்று சொன்னால் இன்னும் நல்லது.

படித்தபோது எனக்குக் கண் நிறைந்துவிட்டது. எங்கள் உதவி ஆசிரியர்களுக்கு ஒரு பிரதி கொடுக்கலாம். லினக்ஸ்காரர்களின் விதியில் இன்னும் அடிப்படையாக ஒன்று இருக்கிறது. செய்தியில் எழுத்துப் பிழை விடாதே. படித்தவர்கள் எழுதியதைப் போல் இருக்கட்டும்.

எதற்கு எவ்வளவு சத்தம் போடுவது என்பதற்கும் முறை உண்டு. 1980-களில் எரிக் ஆல்மன் என்பவர் உருவாக்கிய சிஸ்லாக் என்ற முறையில் எட்டுப் படிகள். உச்சத்தில், வீடே பற்றி எரிகிறது. அடிமட்டத்தில், சும்மா எனக்காகக் குறித்து வைத்தேன். நம் பாட்டிகளுக்கு இது தெரிந்திருந்தது. போஸ்ட்கார்டின் மூலைகளில் மஞ்சள் தடவியிருந்தால் சுபம். கறுப்புத் தடவியிருந்தால் துக்கம். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்கூடத் தபால்காரர் கையில் பார்த்த மாத்திரத்தில் அழவோ சிரிக்கவோ ஆரம்பித்துவிடுவார்கள். இன்றைக்குப் பல ஆபீஸ்களில் எல்லாக் கார்டிலும் கறுப்பு. ஒரு நாளைக்கு ஆயிரம் 'எரர்' வந்தால் எவன் அழுவான்? தனி ஃபோல்டர் போட்டு அதில் தானாகப் போய் விழும்படி செய்துவிட்டு டீ குடிக்கப் போவான். நைட் கம்பெனியில் 97 கடிதமும் அப்படித்தானே கிடந்தன?

இன்னொரு வகை இருக்கிறது. எழுதக் கூடாததை எழுதுவது. 2018 மே மாதம் ட்விட்டர் தன் 33 கோடி பயனர்களையும் பாஸ்வேர்டை மாற்றிக்கொள்ளச் சொன்னது நினைவிருக்கலாம். யாரும் திருடவில்லை. பாஸ்வேர்டைப் பூட்டி வைப்பதற்கு முன்பாகவே, அப்படியே வெட்டவெளிச்சமாகத் தன் உள் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்தது அவர்கள் சாஃப்ட்வேர். அடுத்த வருஷம் ஃபேஸ்புக்கிலும் கோடிக்கணக்கில் இதே கதை. பீரோ சாவியை பீரோ கதவிலேயே தொங்கவிட்ட கதை. இதைப் பற்றி மேலே பேச ஒன்றுமில்லை.

சரி, மறுபடி பரணுக்கு ஏறுவோம்.

என் நண்பரின் மகன் பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கம்பெனியில் இருக்கிறான். கெட்டிக்காரப் பையன். வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவரின் பழைய சாஃப்ட்வேரைப் பராமரிக்கிற வேலை. ஒருநாள் சொன்னான்:

"நாலாயிரம் வரி அங்கிள். முன்னாடி அடையாளம் போட்டு மூடி வெச்சது பாதி. மீதி திறந்தேதான் இருக்கு, ஆனா யாரும் கூப்பிடறதா தெரியலை."

"அழிச்சுடேன்."

"எனக்கு முன்னாடி இருந்தவர் அழிக்கலையே?"

"அவர் ஏன் அழிக்கலை?"

"அவருக்கு முன்னாடி இருந்தவர் அழிக்கலை."

"நாளைக்கு வேணும்னு வெச்சிருக்காங்களா?"

"வெச்சிருந்தா ஒண்ணும் ஆகாது அங்கிள். அழிச்சு ஏதாவது ஆச்சுன்னா, என் தலை."

அந்தக் கடைசி வரியில்தான் மொத்தப் பிரச்னையும் இருக்கிறது. ஆனால் முதலில் அந்த 'ஒண்ணும் ஆகாது'வைக் கவனியுங்கள். 1996 ஜூன் 4. தென் அமெரிக்காவின் பிரெஞ்சு கயானா. கூரூ ஏவுதளம். ஐரோப்பாவின் புத்தம்புது ஏரியன் 5 ராக்கெட் முதல் தடவையாகக் கிளம்புகிறது. உள்ளே கிளஸ்டர் திட்டத்தின் நான்கு விஞ்ஞான செயற்கைக்கோள்கள். சுமார் நாற்பது விநாடி. ராக்கெட் திரும்பி, உடைந்து, வெடித்தது.

அதன் திசை காட்டும் சாஃப்ட்வேர், முந்தைய ஏரியன் 4-லிருந்து எடுத்தது. அதில் ஒரு கணக்கு, ராக்கெட் தரையில் நிற்கும்போது மட்டும் தேவைப்படுவது. கவுன்ட்டவுன் கடைசி நொடியில் நின்றுபோனால் சட்டென்று திரும்பத் தொடங்க வசதியாக, ஏரியன் 4-ல் கிளம்பிய பிறகும் கொஞ்ச நேரம் ஓட விட்டிருந்தார்கள். ஏரியன் 5-க்கு அந்தத் தேவையே கிடையாது. நன்றாக ஓடுகிறதை எதற்குத் தொடணும் என்று விட்டுவைத்தார்கள். புது ராக்கெட்டின் வேகம் வேறு. அந்த உபயோகமற்ற கணக்கில் வந்த எண், கொடுத்திருந்த இடத்தில் அடங்காமல் வழிந்தது. கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. மாற்றாக வைத்திருந்த இரண்டாவது கம்ப்யூட்டரிலும் அதே சாஃப்ட்வேர். அது ஒரு கண்சிமிட்டலுக்கு முன்பே படுத்தாயிற்று.

இதற்கு மேல்தான் என் கட்டுரைக்கே முத்தாய்ப்பு மாதிரி ஒன்று நடந்தது. படுத்த கம்ப்யூட்டர் தன் வியாதியை விவரித்து ஒரு செய்தி அனுப்பியது. ராக்கெட்டை ஓட்டிக்கொண்டிருந்த முக்கியக் கம்ப்யூட்டருக்கு அது புலம்பல் என்று தெரியவில்லை. பறக்கும் திசை விவரம் என்று எடுத்துக்கொண்டது. ராக்கெட் பயங்கரமாகத் திசை மாறிவிட்டதாக நினைத்து, நேராகப் போனதைத் திருப்பியது. அழிக்காத பழசும், புரியாத செய்தியும் கை கோத்துக்கொண்டால் இதுதான்.

அழித்துவிட்டால் பின்னால் வேண்டுமென்றால் என்ன செய்வது என்பார்கள். இந்தச் சாக்கு செல்லாமல் போய் ரொம்ப நாளாயிற்று. 2005-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் கிட் என்ற கருவியை எழுதிக் கொடுத்துவிட்டார். உலகத்தில் பெரும்பாலான சாஃப்ட்வேர்க்காரர்கள் அதில்தான் வேலை செய்கிறார்கள். யார், எந்தத் தேதியில், எந்த வரியை, எதற்காக அழித்தார் என்று எல்லாம் அதில் பத்திரமாக இருக்கும். தோண்டினால் வரும். ஆகவே அழிப்பது என்றால் எரிப்பது இல்லை, ரெக்கார்ட் ரூமுக்கு அனுப்புவது. அதே மனிதர் 1991-ல் லினக்ஸை எழுதத் தொடங்கியது ஒரு 386 கம்ப்யூட்டரில். 2012 டிசம்பரில் அந்த 386-க்கான பகுதிகளையே லினக்ஸிலிருந்து நீக்கினார்கள். ஒவ்வொரு மாற்றத்தின்போதும் அந்தக் கிழட்டுச் சிப்புக்காகத் தனியாக மெனக்கெட வேண்டியிருந்தது. பிறந்த வீட்டை இடிக்கிற மாதிரி. மனிதர் துளி சென்டிமென்ட் காட்டவில்லை.

எங்கள் தொழிலில் இதற்கு ஒரு நாள் குறித்து வைத்திருக்கிறார்கள். மார்ச் 31. கிடங்கில் இறங்கி எண்ணியாக வேண்டும். எலி கடித்தது, துருப்பிடித்தது, மோஸ்தர் போனது எல்லாவற்றையும் கணக்கிலிருந்து எழுதித் தள்ள வேண்டும். அடக்க விலை அல்லது சந்தை விலை, எது குறைவோ அது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பி.காம். காரன் சொல்வான். விற்காத சரக்கைச் சொத்து என்று காட்டினால் ஆடிட்டர் கையெழுத்துப் போட மாட்டார். இந்த சாஃப்ட்வேர் கம்பெனிகளுக்கு மட்டும் காலண்டரில் மார்ச் 31 கிடையாதா?

கண்ணை மூடிக்கொண்டு வெட்டச் சொல்லவில்லை. செத்தது எது, தூங்குவது எது என்று பார்த்துத்தான் வெட்டவேண்டும். என் கடையின் வருஷ முடிவுக் கணக்கு, வருஷத்தில் 364 நாள் யாரும் தொடாத பகுதிதான். ஆறு மாதம் ஓடவில்லையே என்று அதை ஒருவன் அழித்திருந்தால் 'வந்துட்டேன் 3' கூட வந்திருக்காது. எனவே பையனிடம் சொன்னேன். சந்தேகப்படுகிற ஒவ்வொரு பகுதியின் வாசலிலும் ஒரு செய்தியை உட்கார வை. 'இந்தப் பழைய பகுதியை இன்ன இடத்திலிருந்து இன்ன வேலைக்காகக் கூப்பிட்டார்கள்' என்று. தேதி போடு. பெயர் போடு. ஒரு முழு வருஷம் பார். கூப்பிட்டால் தெரிந்துவிடும்.

ஏற்கெனவே சொன்னேனே, இரண்டு குற்றமும் ஒன்றுதான் என்று. செய்தி எழுதத் தெரிந்தவனுக்குத்தான் அழிக்கவும் தைரியம் வரும். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாதவன்தான் எதையும் தொடப் பயப்படுகிறான்.

ஆனால் பையனின் தலை? அதற்கு அவன் பதில் சொல்ல முடியாது, அவன் மேலதிகாரிகள்தான் சொல்லவேண்டும். புதிதாக ஒன்றைச் சேர்த்தால் பாராட்டு, கேக், மின்னஞ்சலில் நாலு பேர் கைதட்டல். பழசை எடுத்தால் விசாரணை. இப்படி ஓர் ஆபீஸை நடத்திவிட்டு, பரணில் குப்பை சேர்ந்துவிட்டதே என்று அங்கலாய்த்து என்ன பிரயோஜனம்? 1982-ல் ஆப்பிள் கம்பெனியில் லிசா கம்ப்யூட்டருக்காக உழைத்துக்கொண்டிருந்தவர்களிடம் ஒரு படிவம் கொடுத்தார்களாம். இந்த வாரம் எத்தனை வரி எழுதினாய்? பில் அட்கின்சன் அந்த வாரம்தான் தன் வரைபட சாஃப்ட்வேரில் ஒரு பகுதியைத் திருத்தி எழுதியிருந்தார். முன்பைவிட வேகம், முன்பைவிட எளிமை, சுமார் 2,000 வரி மிச்சம். படிவத்தில் மைனஸ் 2,000 என்று எழுதிக் கொடுத்தார். சில வாரங்களில் அவரிடம் மட்டும் அந்தப் படிவத்தைக் கேட்பதை நிறுத்திக்கொண்டார்கள்.

நண்பரின் மகன் போன மாதம் வந்திருந்தான். ஒரு வருஷம் முடிந்துவிட்டதாம். அவன் உட்கார வைத்த செய்திகளில் ஒன்றே ஒன்று மட்டும் ஜனவரியில் ஒரு தடவை குரல் கொடுத்திருக்கிறது. ஏதோ வருடாந்திர அறிக்கைக்காக. அந்த நானூறு வரியை வைத்துக்கொண்டான். மீதி மூவாயிரத்து அறுநூறையும், ஏன் என்று ஒரு பத்திக் குறிப்பு எழுதிவிட்டு, அழித்துவிட்டான்.

"அப்ரைசல் நடந்துதா?" என்றேன்.

"நடந்துது அங்கிள்."

"என்ன கேட்டாங்க?"

"இந்த வருஷம் புதுசா என்ன சேர்த்தேன்னு கேட்டாங்க."